இளைத்துக்கொண்டே போன பீரங்கி

"நேத்து வரைக்கும் நாலு குழாய் இருந்துச்சு. இன்னைக்கு ரெண்டு. மிச்சம் ரெண்டு எங்கே?"

மேஜர் இந்தக் கேள்வியைத் தொழிற்சாலைக் கொட்டகையில் நின்ற பீரங்கியிடம்தான் கேட்டார். அவர் குரல் கேட்டு விறைத்து நிற்காத முதல் ஆசாமி அந்தப் பீரங்கியாகத்தான் இருக்கும். மிச்சமிருந்த இரண்டு குழாயையும் வானத்துக்கு நீட்டிக்கொண்டு, எனக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்பது போல அது நின்றது.

"நீங்க கேட்டு முடிச்சாச்சு இல்ல? இனி நாங்க கேக்கலாமா?" என்றார் ஜவுளிக்காரர்.

பக்கத்தில் நின்ற துப்பறிவாளர் அவர் காலை மிதித்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, மரியாதையாகத்தான் மிதித்தார். ஜவுளிக்காரர் வெறும் உதவியாளர் என்றால் செருப்போடு மிதித்திருக்கலாம். அவர் சம்பந்தி. துப்பறிவாளரின் மகளைக் கட்டியவன் ஜவுளிக்காரரின் மகன்.

அந்த மகன் துணிக்கடைச் சாவியை வாங்கிக்கொண்டு, "நீங்க இனி ஓய்வு எடுங்கப்பா" என்று சொன்ன அன்றே ஜவுளிக்காரருக்குப் பாதி உயிர் போய்விட்டது. மீதியைக் காப்பாற்றிக்கொள்ள, "சம்பந்தி, உங்க கூடச் சும்மா வர்றேனே" என்று துப்பறியும் தொழிலில் வந்து ஒட்டிக்கொண்டார். பெண்ணைக் கொடுத்தவர் வேண்டாமென்று எந்த வாயால் சொல்வார்? அன்று முதல் ஒருவரை ஒருவர் 'சம்பந்தி' என்று விளித்துக்கொண்டு, வெண்ணெய் தடவிய ஊசியால் குத்திக்கொண்டு, ஊரிலுள்ள திருடர்களைப் பிடித்து வந்தார்கள்.

துப்பறிவாளருக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். அவரிடம் பூதக்கண்ணாடி கிடையாது. எதையும் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்ப்பார், அவ்வளவுதான். மருமகனைப் பெண் பார்க்க வரச் சொன்ன அன்றும் அப்படித்தான் பார்த்தார். பையன் பயந்து நாற்காலியோடு பின்னால் சாய்ந்தது இரண்டு வீட்டிலும் இன்றுவரை பேசப்படுகிறது.

இப்போது அவர் பீரங்கியை முகர்ந்துகொண்டிருந்தார்.

போர் வருவதற்கு முன்பு அந்தத் தொழிற்சாலையில் தையல் மெஷின் செய்தார்கள். போர் வந்ததும், இரும்பு இருக்கிறது, லேத் இருக்கிறது, ஆள் இருக்கிறது, விமானத்தைச் சுடும் பீரங்கி செய்யுங்கள் என்று உத்தரவு வந்தது. செய்தார்கள். ஆனால் பழக்கம் விடுமா? பீரங்கிக்குக் கறுப்பு எனாமல் பூசி, உடம்பு முழுக்கப் பொன்னிறத்தில் பூவும் கொடியும் எழுதியிருந்தார்கள். இத்தனை குண்டு வெடிக்கும் என்று சொல்லாமல், இத்தனை தையல் போடும் என்றே பேசிக்கொண்டார்கள்.

"முதல்ல என்ன காணாம போச்சு?" என்று கேட்டார் பூதக்கண்ணாடி, நிமிராமலே.

"பின்னால பார்க்கிற கண்ணாடி" என்றார் மேஜர்.

"பீரங்கிக்கு எதுக்குங்க பின்னால பார்க்கிற கண்ணாடி? முந்திப் போற விமானத்துக்கு வழி விடவா?" என்றார் ஜவுளிக்காரர்.

மேஜர் விரல்விட்டு எண்ணினார். "அப்புறம் கால் மிதி. அப்புறம் இழுப்பறை. மழைக்குத் தகரக் குடை. மூணாவது ஆளுக்கு வச்ச இருக்கை. ஒவ்வொரு நாள் காலையிலயும் ஒண்ணு குறையும்."

"அப்பவே எங்களைக் கூப்பிட்டிருக்கலாமே?"

"எலின்னு நினைச்சோம்."

"இருக்கையை?"

"பெரிய எலின்னு நினைச்சோம். பொறி வச்சோம்." மேஜர் கொட்டகை மூலையைக் காட்டினார். ஒரு ஆள் படுத்துத் தூங்கும் அளவுக்கு ஒரு எலிப்பொறி அங்கே இருந்தது. "இன்னைக்குக் குழாயே போனப்புறம்தான் இது எதிரியோட நாசவேலைன்னு புரிஞ்சுது. கொட்டகைச் சாவி ஸ்டோர்காரன்கிட்ட மட்டும்தான் இருக்கு. புடிச்சு உள்ள போட்டுட்டேன். சாயங்காலம் ஜெனரல் பீரங்கிச் சோதனை பார்க்க வர்றாரு. திரும்பிப் போறப்ப அவர் லாரியிலேயே அவனையும் ராணுவக் கோர்ட்டுக்கு அனுப்பிடுவேன். அங்க போனவன் எவனும் திரும்பி வந்ததில்ல."

"அவ்வளவு நல்ல ஊருங்களா?" என்றார் ஜவுளிக்காரர்.

இரண்டாவது மிதி விழுந்தது. இந்தத் தடவை செருப்போடு.

விழுந்ததற்குக் காரணம் இருந்தது. கொட்டகை வாசலில் ஸ்டோர்காரரின் மனைவி நின்றுகொண்டிருந்தார். தொழிற்சாலையில் பீரங்கிகளுக்குப் பூ எழுதுகிற அவரைப் பூக்காரம்மா என்பார்கள். சம்பந்திகள் இருவரையும் கையோடு அழைத்து வந்தவர் அவர்தான்.

"அவரு திருடுற ஆளு இல்லீங்க" என்றார் பூக்காரம்மா. "வீட்டுல உப்பு டப்பா எங்க இருக்குன்னு கேட்டா எனக்குத் தெரியாதும்பாரு. குழாயை எங்க போய்க் கண்டுபிடிச்சு எடுப்பாரு? ஸ்டோர்ல இருந்து ஒரு ஆணி வெளிய போனாலே அவருக்குத் தூக்கம் வராது. இந்த ஆளை லாரியில ஏத்தினா நான் யாரைத் திட்டிக்கிட்டு வாழறது?"

 மிதிபட்ட காலைத் தேய்த்துக்கொண்டிருந்த ஜவுளிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமாகிப் பல வருஷம் ஆனவர். திட்ட ஆள் இல்லாத வீடு எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

பூதக்கண்ணாடி நிமிர்ந்தார். மூக்கு நுனியில் எண்ணெய்.

"சம்பந்தி, இங்க வாங்க. இருக்கை இருந்த இடத்துல ஓட்டை இருக்கணும் இல்ல?"

"இருக்கணும்."

"அதுல மரையாணி போட்டு அடைச்சு, மேல அரம் போட்டு ராவி, எண்ணெய் தடவியிருக்கான். எல்லா ஓட்டையும் அப்படித்தான். எதையும் உடைக்கல, ஒரு கீறல் இல்ல."

"போறப்ப வாசலைக் கூட்டிட்டுப் போன திருடனா?" என்றபடி ஜவுளிக்காரர் கால் வலிக்கு ஆதரவாகப் பீரங்கியின் கைச்சக்கரத்தில் சாய்ந்தார். சாய்ந்ததுதான் தாமதம், பீரங்கி சரேலென்று சுழன்றது. இரட்டைக் குழாயும் அரைவட்டம் அடித்து வந்து மேஜரின் தொப்பியைத் தட்டிக் கீழே போட்டது.

"ஐயோ, நான் தொட்டதுதாங்க!"

வாசலில் நின்ற காவல்காரர் அசந்துபோனார். "போன வாரம் ரெண்டு பேரு தொங்கினாதான் சார் இது அசையும்."

பூதக்கண்ணாடியின் கண் பளபளத்தது. "நாசவேலை செஞ்சவன் பீரங்கியை நல்லா ஆக்கிட்டுப் போயிருக்கான்."

"கடையில கொள்ளை போச்சு, மறுநாள் வியாபாரம் ரெட்டிப்பு ஆச்சுங்கிற கதைதான்" என்றார் ஜவுளிக்காரர். "சரி, ரெண்டு ஆள் உயரக் குழாய் ரெண்டு உங்களைத் தாண்டி எப்படிங்க வெளிய போச்சு?"

"உள்ள வர்றவங்களைச் சோதிக்கணும்னுதான் எங்களுக்கு உத்தரவு" என்றார் காவல்காரர்.

"வெளிய போறவங்களை?"

காவல்காரர் மேஜரைப் பார்த்தார். மேஜர் தொப்பியைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "எதிரி குண்டு கொண்டு உள்ளதானே வருவான்? வெளிய போறவன் எப்படி எதிரி ஆவான்? அவன்தான் போறானே!"

சம்பந்திகள் இருவரும் வரைபடக் கூடத்துக்குக் கிளம்பினார்கள்.

*

"எதை எடுத்தா பீரங்கி கெடாதுன்னு தெரிஞ்சவன் எடுத்திருக்கான்" என்றார் பூதக்கண்ணாடி, படியேறும்போது. "அது தெரிஞ்சவங்க இங்க எத்தனை பேரு?"

"அதை வரைஞ்சவங்க ஒருத்தர்தான்" என்றார் ஜவுளிக்காரர். "ஆனா சம்பந்தி, தான் பெத்த பிள்ளையோட கையை யாராவது கழட்டுவாங்களா?"

"ஆறு கை இருந்தா கழட்டலாம்."

வரைபடக் கூடத்தில் டிராயிங் அம்மா தனியாக இருந்தார். தையல் மெஷின் காலத்திலிருந்தே அங்கே வடிவமைப்பாளர். உயரமான சாய்வு மேஜை, அதன்மேல் விரித்த தாள், முற்றத்தைப் பார்த்த ஒரு பெரிய ஜன்னல். பூதக்கண்ணாடி நேராக மேஜைக்குப் போய்க் குனிந்தார்.

"என்ன தேடுறீங்க?" என்றார் டிராயிங் அம்மா.

"தேடலம்மா, பார்க்கிறேன். பென்சில் எல்லாம் முழுசா இருக்கு. அழிக்கிற ரப்பர் எல்லாம் தேஞ்சு மிளகு அளவுக்கு ஆகிப்போச்சு. நீங்க போடுறதை விட எடுக்கிறதுதான் அதிகம் போலிருக்கு."

டிராயிங் அம்மா ரப்பர் துண்டுகளைக் கையால் மூடிக்கொண்டார். "வடிவமைப்புன்னா அதுதாங்க."

"எனக்குக் கொஞ்சம் புரியிற மாதிரி சொல்லுங்களேன்" என்று ஜவுளிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடையில் வாங்க வந்தவரை உட்காரவைப்பது பாதி வியாபாரம். தானே உட்கார்ந்துவிடுவது மீதி. "குழாய் எத்தனை இருந்தா நல்லது?"

அது அவருக்குப் பிடித்த கேள்வி போலிருக்கிறது. டிராயிங் அம்மாவின் முகம் மலர்ந்தது.

"விமானம் தலைக்கு மேல நிக்கிறது ஒரு தும்மல் நேரம்தாங்க. அதுக்குள்ள நிறையக் குண்டு மேல போகணும். ஒரே குழாய்னா செய்யறது சுலபம், சுடுறதும் சுலபம். ஆனா அதை வச்சுக் காக்காதான் விரட்டலாம்."

"அப்ப நாலு வச்சுக்கிறது?"

"நாலு வச்சா கனம். கனமானா திருப்புறதுக்குள்ள விமானம் அதோட ஊருக்கே போய்ச் சேர்ந்துடும். குழாய் கூடக் கூடச் சிக்கலும் கூடும். ஒண்ணு மாட்டிக்கிட்டா நாலும் நிக்கும். இதைச் சுடப்போறது யாரு? நேத்து வரைக்கும் முடி வெட்டினவரு, பஸ்ல டிக்கெட் கிழிச்சவரு. மேல குண்டு விழறப்ப அவங்க கை நடுங்கும். அந்த நடுங்குற கைக்கு ஒரு ஸ்பேனர்ல கழட்டி மாட்டுற மாதிரி இருக்கணும். இல்லன்னா அந்தப் பீரங்கி அவங்களுக்குத்தான் எமன்."

அவர் சிரிக்காமல் சொன்னார். 

"அப்ப எத்தனைதான் சரி?" என்று கேட்டார் ஜவுளிக்காரர், மெதுவாக.

"ரெண்டு."

சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"ரெண்டுதான் சரின்னா, நாலு எதுக்கு வரைஞ்சீங்க?" என்றார் பூதக்கண்ணாடி.

"அது… கமிட்டி முடிவுங்க."

"எந்தக் கமிட்டி? தையல் மெஷின் காலத்துலயும் கமிட்டி இருந்துச்சா?"

"இருந்துச்சே! முதலாளி, அவர் மச்சான், மச்சானோட ஒண்ணுவிட்ட அண்ணன். எதை வரைஞ்சு கொண்டுபோனாலும் பாதியை வெட்டுவாங்க. வெட்டலன்னா அவங்களுக்குக் கமிட்டி நடந்த மாதிரியே இருக்காது. அதனால நான் மெஷின்ல ஒரு மணி வைப்பேன், ஒரு கண்ணாடி வைப்பேன். அவங்க மணியை வெட்டிட்டு, கண்ணாடியை வெட்டிட்டு, சந்தோஷமா வீட்டுக்குப் போவாங்க. ஊசி தப்பிச்சுக்கும்."

ஜவுளிக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் உடம்பில் ஒரு பழைய மணி அடித்தது.

"அம்மா, நான் துணி வித்தவன். வாங்க வர்றவங்க குறைச்சுக் கேப்பாங்கன்னு தெரிஞ்சுதான் ஏத்திச் சொல்லுவோம். ஒரு நாள் ஒருத்தரு வந்தாரு. நான் சொன்ன விலையை அப்படியே எடுத்து வச்சுட்டு, துணியை வாங்கிட்டுப் போயிட்டாரு. ஒரு வார்த்தை பேசல." அந்த நினைவில் அவர் குரல் இன்றும் நடுங்கியது. "அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல. ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனை இப்படியா அவமானப்படுத்துறது?"

டிராயிங் அம்மா ஒரு பென்சிலை எடுத்துத் தாளில் ஊன்றினார்.

"உங்க கிட்டயும் அப்படி ஒருத்தரு வந்துட்டாரா?"

பென்சில் முனை தாளில் அழுந்தி 'டிக்' என்று முறிந்தது.

"எல்லாத்துக்கும் கையெழுத்துப் போட்டுட்டாங்க!" என்று வெடித்தார் டிராயிங் அம்மா. "ராணுவக் கமிட்டி! ரெண்டு கேட்டா ஒண்ணுதான் தருவாங்கன்னு நாலு கேட்டேன். வெட்டட்டும்னு குடை வச்சேன், மிதி வச்சேன், சும்மா உக்கார ஒரு இருக்கை வச்சேன். அவங்க ஒண்ணையும் வெட்டல. 'கண்ணாடி ஒண்ணு போதுமாம்மா, ரெண்டா வைக்கலாமா'ன்னு கேக்கிறாங்க! எல்லாம் வேண்டாத சாமான்னு நான் எப்படிங்க சொல்றது? போர் நடக்கிறப்ப பீரங்கியில வேண்டாத சாமான் வச்சவளுக்கு என்ன தண்டனைன்னு தெரியுமில்ல?"

"அதனால நீங்களே கழட்ட ஆரம்பிச்சீங்க" என்றார் பூதக்கண்ணாடி. "சாவி?"

"ஸ்டோர்காரர் சாப்பிடப் போறப்ப சாவியை ஆணியில மாட்டிட்டுப் போவாரு. பாவம், அவருக்கு எதுவும் தெரியாது. சாயங்காலம் ஜெனரல் முன்னால ரெண்டு குழாய்ல சுட்டுக் காட்டிட்டு, அப்புறம் உண்மையைச் சொல்லலாம்னு இருந்தேன். காலையில அவரைப் புடிச்சு உள்ள போட்டுட்டாங்க. அப்பவே ரெண்டு தடவை படி வரைக்கும் போனேன். கால் வரல." எழுந்தார். "இப்பப் போறேன்."

"உக்காருங்க" என்றார் பூதக்கண்ணாடி. "நீங்க சொன்னா அவரை விடமாட்டாங்க. சாவியைக் கொடுத்த குற்றத்துக்கு அவரு, எடுத்த குற்றத்துக்கு நீங்க. லாரியில நிறைய இடம் இருக்கு. முதல்ல குழாய் எங்கன்னு சொல்லுங்க."

"அதை மட்டும் கேக்காதீங்க. சொன்னா இன்னும் பல பேரு மாட்டுவாங்க."

எவ்வளவு கேட்டும் அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. ஜவுளிக்காரர் அலுத்துப்போய் ஜன்னலுக்குப் போனார். கீழே முற்றத்தில் ஜெனரலை வரவேற்க ஒரு பெரிய துணிப் பதாகை கட்டியிருந்தார்கள். 'வருக வருக' என்று அதில் எழுதியிருந்தது. பழைய தொழிலின் பாசத்தில் அவர் அதைக் கண்ணால் எடைபோட்டார்.

"சே, என்ன துணி இது! கப்பல் பாய் மாதிரி நெருக்கி நெய்ஞ்சது. காத்தை வெளிய விடாது. நடுவுல ரெண்டு ஓட்டை போடக்கூடத் தெரியல. அடிக்கிற காத்துக்கு இந்நேரம் மூங்கிலா இருந்தா முறிஞ்சிருக்கும், தண்ணிக் குழாயா இருந்தா வளைஞ்சிருக்கும். இது என்ன கம்பமோ, கல்லுப் பிள்ளையார் மாதிரி நிக்குது, அசையவே…"

பின்னால் நாற்காலி கவிழ்ந்தது. பூதக்கண்ணாடி பாய்ந்து வந்து ஜன்னல் கம்பியில் மூக்கை இடித்துக்கொண்டார்.

"சம்பந்தி," என்றார், மூக்கைப் பிடித்தபடி, "உங்க மகனுக்கு என் பொண்ணைக் கொடுத்தது வீண் போகல."

டிராயிங் அம்மா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "நான் கழட்டி, சாக்குல சுத்திக் கீழே வச்சேன். வரவேற்புக்குக் கம்பம் வேணும்னு சொன்னேன். காவல்காரங்களே தோள்ல தூக்கிட்டு வந்தாங்க. மேஜரே பக்கத்துல நின்னு, எங்க நடணும்னு…"

"யாரு?" என்றார்கள் சம்பந்திகள் இருவரும்.

"மேஜர்."

ஜவுளிக்காரர் சட்டைக் கையை மெல்ல மடித்துவிட்டுக்கொண்டார். கடையை விட்டு வந்தபிறகு அவர் முகத்தில் இத்தனை வெளிச்சம் வந்ததில்லை.

"சம்பந்தி, இது துப்பறியிற வேலை இல்ல. இது விலை பேசுற வேலை. நீங்க பக்கத்துல நின்னு, நான் சொல்றப்பெல்லாம் வருத்தமா தலையை ஆட்டுங்க. போதும்."

*

"துப்புத் துலங்கிடுச்சு சார்" என்றார் ஜவுளிக்காரர். "குற்றவாளிங்க மொத்தம் ஒன்பது பேர்."

பதாகைக்குக் கீழே நின்றிருந்த மேஜர் நெஞ்சை நிமிர்த்தினார். "ஒன்பது பேரா! பெரிய கூட்டம்! லாரி பத்துமா?"

"நெருக்கி ஏத்திக்கலாம். குழாயைத் தோள்ல தூக்கிட்டுப் போனது நாலு பேரு. உங்க காவல்காரங்க."

மேஜரின் நெஞ்சு லேசாக இறங்கியது.

"அதுக்கு வெள்ளை அடிச்சது ரெண்டு பேரு. குழி தோண்டினது ஒருத்தரு. ஏணி வச்சு ஏறித் துணி கட்டினது ஒருத்தரு."

"எட்டுதான் ஆச்சு. துணியா? எந்தத் துணி?"

"ஒன்பதாவது ஆளுதான் தலைவரு. பக்கத்துல நின்னு, 'இன்னும் கொஞ்சம் வலது பக்கம், அப்படித்தான், நேரா நிக்கட்டும்'னு கையைக் காட்டினவரு."

பூதக்கண்ணாடி வருத்தமாகத் தலையை ஆட்டினார். பிறகு கம்பத்தருகே போய்க் குனிந்து, விரல் நகத்தால் வெள்ளையைச் சுரண்டினார். உள்ளே கறுப்பு எனாமல் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் சுரண்டியதும் பூக்காரம்மா எழுதிய பொன்னிற இதழ் ஒன்று எட்டிப் பார்த்தது.

மேஜர் அந்த இதழைப் பார்த்தார். அண்ணாந்து 'வருக வருக'வைப் பார்த்தார். மறுபடி இதழைப் பார்த்தார்.

"காலையில," என்றார் மெதுவாக, "நான் இதுக்கு சல்யூட் வேற அடிச்சேன்."

"அதை நாங்க கணக்குல சேர்க்கல" என்றார் ஜவுளிக்காரர் பெருந்தன்மையாக.

மேஜர் சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஒன்பது ரொம்ப அதிகம்யா. சின்ன ஆளுங்க, பிள்ளைகுட்டிக்காரங்க. எட்டு பேரை விட்டுடலாம்."

"சரி. அப்ப தலைவரு மட்டும்?"

"அவரையும் விட்டுடலாம்! பேசாம ஸ்டோர்காரன் ஒருத்தனோட முடிச்சுக்கலாம்."

ஜவுளிக்காரர் 'ச்சு' கொட்டினார். கடையில் யாராவது பாதித் துணி கேட்டால் கொட்டுகிற அதே 'ச்சு'. "அவரைத் தனியாக் கொடுக்க வராதுங்க. எல்லாரும் ஒரே பீஸ். நடுவுல வெட்டினா நூல் பிரிஞ்சு கடைசி வரைக்கும் போயிடும்."

"ஒருத்தன் கூட இல்லன்னா நான் ஜெனரலுக்கு என்ன பதில் சொல்றது?"

"கட்டுப்படி ஆகலன்னா விடுங்க. வாங்க சம்பந்தி, நாம ஜெனரல்கிட்டயே காட்டிக்கலாம். அவரு பெரிய கை. ஒன்பதையும் மொத்தமா எடுத்துக்குவாரு."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். வேகமாக நடக்கக் கூடாது. கூப்பிடுகிறவருக்கு எட்டாமல் போய்விடும். மெதுவாகவும் நடக்கக் கூடாது; இவன் போகமாட்டான் என்று தெரிந்துவிடும். பூதக்கண்ணாடிக்கு அந்த நடை வரவில்லை. திரும்பிப் பார்க்கப் போனவரின் முழங்கையை ஜவுளிக்காரர் இறுக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

"நில்லுங்க!"

நின்றார்கள்.

"ஒருத்தருமே இல்லன்னு வச்சுக்குவோம்" என்றார் மேஜர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "அப்ப குழாய்?"

"திருடனே இல்லன்னா எதுவும் திருடு போகல. பீரங்கிக்கு ரெண்டே குழாய்தான்."

"நாலுன்னு மேல சொல்லியாச்சேய்யா!"

"பொய்யா சொன்னீங்க? நாலும் இங்கதானே இருக்கு. ரெண்டு சுடுது, ரெண்டு வரவேற்குது."

மேஜர் வெகுநேரம் யோசித்தார். தூரத்தில் லாரிச் சத்தம் கேட்டதும் யோசனை சட்டென்று முடிந்தது. ஸ்டோர்காரரைத் திறந்துவிடச் சொல்லி ஆள் ஓடியது.

*

ஜெனரல் குள்ளமானவர். எதையும் தொட்டுப் பார்க்கிற பழக்கம் உள்ளவர். பீரங்கியைத் தொட்டார், பூவைத் தொட்டார், மேஜரின் பித்தானைக்கூடத் தொட்டுப் பார்த்தார். வானத்தில் ஒரு விமானம் நீளக் கயிற்றில் சிவப்புத் துணியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. டிராயிங் அம்மா சொன்ன அந்த முடிவெட்டுகிறவர் பீரங்கியில் உட்கார்ந்து, ஒரு கையால் சக்கரத்தைத் திருப்பினார். இரண்டு குழாயும் குரைத்தன. ஒரு தும்மல் நேரம்தான். சிவப்புத் துணி நூல் நூலாகக் கீழே மிதந்து வந்தது.

"பிரமாதம்!" என்றார் ஜெனரல். "ஆனா நாலுன்னு கேள்விப்பட்டேனே?"

"எளிமை சார், எளிமை" என்றார் மேஜர். அவர் குரல் எலிப்பொறிக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

ஜெனரல் குழாயைத் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார். "இவ்வளவு லேசா சுத்துதுன்னா, இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம் போலிருக்கே?"

எல்லோரும் டிராயிங் அம்மாவைப் பார்த்தார்கள். வேண்டாம் என்று சொல்லக் காரணம் ஆயிரம் அவரிடம் இருந்தன. அவர் வாயிலிருந்து வந்தது வேறு.

"தாராளமா சார். எட்டு வைக்கலாம்."

ஜவுளிக்காரர் சம்பந்தியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இந்த ஆளும் ஒரு வார்த்தை பேசாமல் எடுத்து வைத்துவிட்டுப் போகிற ரகமாக இருந்துவிட்டால்?

ஜெனரல் தலையைச் சாய்த்தார். கண்ணைச் சுருக்கினார். உதட்டைப் பிதுக்கினார். அந்த முகத்தை ஜவுளிக்காரர் தன் கடையில் பல்லாயிரம் தடவை பார்த்திருக்கிறார். அதைவிட அழகான முகம் உலகத்தில் இல்லை.

"எட்டெல்லாம் எதுக்கும்மா? ரொம்ப அதிகம். ரெண்டே இருக்கட்டும்."

"உங்க விருப்பம் சார்" என்றார் டிராயிங் அம்மா, மனசே இல்லாதவர் போல.

"பொம்பளை என்னைத் தூக்கிச் சாப்பிட்டுட்டாங்க சம்பந்தி" என்று முணுமுணுத்தார் ஜவுளிக்காரர்.

கூட்டம் கலைந்து லாரியை நோக்கி நடந்தபோதுதான் ஸ்டோர்காரர் முற்றத்துக்கு வந்தார். பூட்டிய அறையின் இருட்டிலிருந்து வெளியே வந்தவர், கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளிச்சத்தைப் பார்த்தார். பிறகு பதாகையைப் பார்த்தார். பிறகு கம்பத்தை. அவர் கண் கம்பத்தின் அடியிலிருந்து நுனிவரை ஏறி, நுனியிலிருந்து அடிவரை இறங்கியது. முகம் மாறியது. டிராயிங் அம்மாவுக்கு முகம் வெளுத்தது. மேஜருக்கு அதைவிட.

"சார்!" என்றார் ஸ்டோர்காரர் உரக்க. "அந்தக் கம்பம்…"

லாரியில் ஒரு காலை வைத்திருந்த ஜெனரல் நின்றார். "என்னப்பா கம்பத்துக்கு?"

பூக்காரம்மா எங்கிருந்து வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. வந்த வேகத்தில் புருஷன் வாயை முழுக் கையால் பொத்தினார். "ஒண்ணுமில்லீங்க. கம்பம் ரொம்ப நேரா நிக்குதுன்னு சொல்றாரு. நேரா நிக்கிற எதைப் பார்த்தாலும் இவருக்கு இப்படித்தான் வாய் திறந்துக்கும்."

"நல்ல மனுஷன்" என்றார் ஜெனரல். லாரி கிளம்பியது. அதன் பின்பக்கம் காலியாக இருந்தது.

லாரி மறையும் வரை பூக்காரம்மா கையை எடுக்கவில்லை. எடுத்ததும் ஸ்டோர்காரர் மூச்சு வாங்கினார்.

"அது ஸ்டோர் சாமான்டி. என் பொறுப்புல இருக்கிற குழாய்."

"தெரியும்."

"வெட்டவெளியில நிக்குது."

"நிக்கட்டும். வீட்டுக்கு நடங்க."

நடந்தார்கள். ஜவுளிக்காரரும் பூதக்கண்ணாடியும் பின்னால் வந்தார்கள்.  ஸ்டோர்காரர் கேட்டில் நின்று ஒரு தடவை வானத்தைப் பார்த்தார். மேற்கே கொஞ்சம் கறுத்திருந்தது.

"மழை வந்தா துருப் பிடிக்குமே" என்றார், மனைவியிடம் கெஞ்சும் குரலில். "ஒரு தார்ப்பாயாவது போத்திட்டு வந்திடறேனே?"